முகத்துக்கேற்ற முறுவல்

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் மக்கள் வழங்கும் பழமொழி. பல் போனால் சொல் மட்டுமன்று, முகமும் மாறிவிடுகிறது. கன்னம் ஒட்டுகிறது, உதடு உள்ளே மடிகிறது, மூக்குக்கும் முகவாய்க்கும் உள்ள தொலைவு குறைகிறது. நேற்றுவரை நாம் அறிந்த முகம் இன்று வேறொருவர் முகமாகத் தோன்றுகிறது. இதனை ஈடு செய்யவே கட்டுப்பல் வந்தது. மக்கள் அதனைப் 'பல் செட்டு' என்று அழைக்கின்றனர்.

திருச்சிராப்பள்ளியிலும் காவிரிக்கு அப்பால் திருவரங்கத்திலும் முதியோர் வாழும் இல்லங்கள் பலவற்றில் பல் செட்டு உண்டு. ஆனால் அவற்றுள் சில, வாயில் இருப்பதைவிட டப்பாவில் இருப்பதே மிகுதி. காரணம் கேட்டால், "வலிக்கிறது" என்பார் சிலர். "ஆடுகிறது" என்பார் சிலர். "அதைப் போட்டால் நான் நானாக இல்லை" என்பாரும் உண்டு. முதல் இரண்டு குறைகளையும் மருத்துவரிடம் சொல்லத் தயங்காத பெரியோர், மூன்றாவது குறையை மட்டும் வெளியே சொல்வதில்லை. இந்த வயதில் அழகைப் பற்றிப் பேசினால் பிறர் நகைப்பரே என்னும் கூச்சமே இதற்குக் காரணம்.

இக்கூச்சம் தேவையற்றது. கட்டுப்பல்லின் தோற்றம் பற்றி விருப்பம் தெரிவிப்பது அணிவோரின் உரிமை. அதனை உரிய நேரத்தில் தெரிவித்தால் நிறைவேற்றித் தரவும் இயலும். அந்த உரிய நேரம் எது, எவற்றையெல்லாம் கேட்கலாம் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பல்லும் நகையும்

தமிழில் 'முறுவல்' என்னும் சொல் புன்சிரிப்பையும் குறிக்கும், பல்லையும் குறிக்கும். 'மூரல்' என்பதும் அத்தகையதே. 'நகை' என்னும் சொல் சிரிப்பு, ஒளி, பல், அணிகலன் ஆகிய பொருள்களைத் தாங்கி நிற்கிறது. பல்லையும் சிரிப்பையும் பிரித்துப் பாராத மொழி நம்முடையது. முகத்தோடு சேர்ந்து சிரிக்காத பல் எத்துணை வெண்மையாயினும் அது முறுவல் ஆகாது என்பதை இச்சொற்களே நமக்கு உணர்த்துகின்றன.

பல்லுக்கு முத்தையும் முல்லையரும்பையும் உவமை கூறுவது நம் இலக்கிய மரபு. இவ்வுவமைகளில் பழகிய நாம், பல் என்றால் ஒரே அளவில், ஒரே நிறத்தில், இடைவெளியின்றிக் கோத்த முத்துமாலைபோல் இருக்க வேண்டும் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் சங்கப் புலவர்கள் 'முள்ளெயிறு' என்றும் 'கூரெயிறு' என்றும் பாடியிருப்பது ஈண்டுக் கருதத்தக்கது. அவர்கள் அவ்வாறு பாடியது இளமகளிரின் பற்களை. இளமையில் பல்லின் விளிம்பு தேயாமல் கூர்மையுடன் விளங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல மென்று மென்று அவ்விளிம்பு மழுங்கித் தட்டையாகும். இன்றைய பல் மருத்துவ நூல்கள் வயதை அறியக் கூறும் அடையாளங்களுள் இதுவும் ஒன்று. எழுபது வயதினர் வாயில் பதினெட்டு வயதுப் பல்லைப் பொருத்தினால் காண்போர் கண்ணுக்கு அது உடனே வேறாகப் படுவதன் காரணமும் இதுவே.

அழகின் அளவுகோல்

வெண்பல்லே அழகு என்பதும் எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் பொதுவான கருத்தன்று. ஜப்பானில் உயர்குடி மகளிரும் மணமான மகளிரும் பல்லைக் கருமையாக்கிக் கொள்வதையே அழகெனக் கருதினர். 1870ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு உயர்குடியினர்க்கு அவ்வழக்கத்தைத் தடை செய்த பின்னரே அது படிப்படியாக மறைந்தது. வடஇந்தியாவிலும் தக்காணத்திலும் முஸ்லிம் மகளிர் 'மிஸ்ஸி' என்னும் பொடியால் பல்லுக்கும் ஈறுக்கும் கருமை ஏற்றி அழகு செய்துகொண்ட வழக்கம் இருந்தது. நம் ஊர்களில் வெற்றிலைக் காவி படிந்த பல்லே பெரியோர் முகத்துக்கு இயல்பு என்று கருதிய காலம் ஒன்றுண்டு. முன்பல் ஒன்று சற்றே வெளியே தெரியும் தெத்துப்பல்லை அழகு என்று புகழ்வோர் இன்றும் உளர். எனவே அழகு எது என்பதை மருத்துவரோ கூடமோ தனித்து முடிவு செய்துவிட இயலாது.

திருச்சி ஒரு காலத்தில் செயற்கை வைரம் பட்டை தீட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்த ஊர். அளவுக்கு மீறிப் பளபளக்கும் கல்லைக் கண்டால் நம்மவர்க்கு ஐயம் தோன்றும். கட்டுப்பல்லின் நிலையும் அதுவே. குறையே இல்லாத பல் வரிசைதான் தன்னைப் பொய்ப்பல் என்று முதலில் காட்டிக் கொடுக்கிறது.

கட்டுப்பல் கடந்து வந்த பாதை

அமெரிக்க நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789ஆம் ஆண்டு பதவி ஏற்றபோது அவர் வாயில் எஞ்சியிருந்த இயற்கைப் பல் ஒன்றே ஒன்று. அவருடைய கட்டுப்பற்கள் மரத்தாலானவை என்னும் கதை பரவலாக வழங்கினும் அது உண்மையன்று. நீர்யானைத் தந்தம், மனிதப் பல், உலோகம் ஆகியவற்றைக் கொண்டே அவை செய்யப்பட்டன. அவை தம் உதடுகளை முன்னே துருத்தச் செய்கின்றன என்று அவர் தம் பல் மருத்துவர் ஜான் கிரீன்வுட்டுக்குக் கடிதம் எழுதிக் குறை தெரிவித்துள்ளார். ஒரு நாட்டின் தலைவரே தம் முகத்தோற்றம் குறித்து மருத்துவரிடம் எடுத்துரைக்கக் கூசவில்லை என்பது நம் பெரியோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

1815ஆம் ஆண்டு வாட்டர்லூ போரில் மாண்ட வீரர்களின் பற்களும் கட்டுப்பல் செய்யப் பயன்பட்டன. 1851ஆம் ஆண்டு நெல்சன் குட்இயர் கடினப்படுத்திய ரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வாய்க்குப் பொருந்தும் அடித்தட்டுகள் குறைந்த விலையில் கிடைத்தன. எனினும் அந்த ரப்பரின் மங்கிய நிறம் ஈற்றின் நிறத்தோடு ஒத்துவரவில்லை. 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் என்னும் செயற்கைப் பிசின் வந்த பிறகுதான் ஈற்றின் நிறத்தில் தட்டும், பல்லின் நிறத்தில் பல்லும் ஒருங்கே அமைந்தன. இன்றும் பெரும்பாலான பல் செட்டுகள் அக்ரிலிக்கால் ஆனவையே.

இந்தியாவில் பல் மருத்துவக் கல்விக்கு வித்திட்டவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது ஆவார். 1890ஆம் ஆண்டு பிறந்த இவர், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் பயின்று திரும்பி, 1920ஆம் ஆண்டு கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அவருடைய பிறந்த நாளாகிய டிசம்பர் 24 தேசியப் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இத்தொழிலை நாடு முழுமைக்கும் முறைப்படுத்தியது. சென்னையில் 1953ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று. நம் மாவட்டத்தை அடுத்த புதுக்கோட்டையில் 2023ஆம் ஆண்டு அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்து சென்னை முதலிய ஊர்களில் குடியேறிய குடும்பத்தார் பல் கட்டும் தொழிலில் பெயர் பெற்றிருந்தனர். 'சீனப் பல் வைத்தியர்' என்னும் பெயர்ப்பலகையை நம் பெரியோர் பலர் நினைவுகூர்வர்.

பல் கட்டும் முறை

முழுப் பல் செட்டு ஒரே நாளில் முடிவதன்று. பொதுவாக ஐந்து முறை மருத்துவரை நாட வேண்டியிருக்கும். முதல் முறை வாயை ஆராய்ந்து அச்சு எடுப்பர். இரண்டாம் முறை அவரவர் வாய்க்கென்று செய்த தட்டைக் கொண்டு நுட்பமான அச்சு எடுப்பர். மூன்றாம் முறை பல் இருக்க வேண்டிய இடத்தில் மெழுகால் ஆன வரம்பு ஒன்றை வாயில் வைத்து, இரு தாடைகளுக்கும் உள்ள இடைவெளி, உதடு தாங்கி நிற்கும் அளவு, முகத்தின் நடுக்கோடு ஆகியவற்றைக் குறிப்பர். நான்காம் முறை, தேர்ந்தெடுத்த பற்களை மெழுகில் பதித்து வாயில் வைத்துப் பார்ப்பர். 'டிரையல்' என்று மருத்துவமனைகளில் வழங்குவது இதுவே. ஐந்தாம் முறை முடிந்த பல் செட்டைப் பொருத்துவர். பின்னர் உறுத்தும் இடங்களைத் தேய்த்துச் சரி செய்ய இரண்டொரு முறை வரச் சொல்வர்.

இவ்வைந்தனுள் நான்காவதே நம் கருத்துக்கு உரியது. மெழுகில் பல் இருக்கும்வரை அதனை ஏற்றலாம், இறக்கலாம், திருப்பலாம், வேறு நிறப் பல்லாக மாற்றலாம். மருத்துவர்க்கு அதனால் சில நிமிட வேலையே. மெழுகை நீக்கி அக்ரிலிக்கை வார்த்து வெந்நீரில் இறுகச் செய்துவிட்டால், பின்னர்ச் சொல்லும் குறையைக் களைவது கடினம். பெரும்பாலும் புதிதாகச் செய்ய வேண்டி வரும். எனவே தோற்றத்தைப் பற்றிய சொல் அனைத்தையும் சொல்ல வேண்டிய நாள் டிரையல் நாளே. அன்று அவசரப்பட்டு, "எல்லாம் சரி" என்று தலையசைத்துவிட்டு வருவதே பிற்காலக் குறைகள் பலவற்றுக்கு வித்தாகிறது.

அந்நாளில் முதியவர் தனியே செல்லுதல் கூடாது. அவர் முகத்தை நாள்தோறும் காணும் ஒருவர், மனைவியோ கணவரோ மகளோ, உடன் செல்ல வேண்டும். கையளவு கண்ணாடியில் வாயை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், சுவர்க் கண்ணாடியின் முன் எழுந்து நின்று முழு முகத்தையும் பார்க்க வேண்டும். சாளரத்தின் அருகே பகல் வெளிச்சத்தில் பார்ப்பது சிறப்பு. பேசியும் சிரித்தும் பார்க்க வேண்டும். மனம் ஒப்பவில்லையெனில், மற்றொரு நாள் மீண்டும் டிரையல் பார்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை.

எவற்றைக் கேட்கலாம்?

முதலாவது வடிவம். 1914ஆம் ஆண்டு லியோன் வில்லியம்ஸ் என்னும் அறிஞர், மேல் முன்பல்லைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அது அவரவர் முகத்தின் வடிவை ஒத்திருக்கும் என்று கூறிப் பற்களைச் சதுரம், குவிவடிவம், முட்டைவடிவம் என மூவகைப்படுத்தினார். பல் செய்யும் நிறுவனங்கள் இன்றும் ஏறத்தாழ இவ்வகைகளிலேயே பல்லைத் தருகின்றன. ஆனால் பிற்கால ஆய்வுகள் பல முகத்துக்கும் பல்லுக்கும் அத்தகைய உறுதியான ஒற்றுமையைக் காணவில்லை. ஆகவே, 'முகம் வட்டம், பல்லும் வட்டம்' என்று விதி வகுக்க இயலாது. அவரவர் பழைய பல்லே சிறந்த வழிகாட்டி. பல் இருந்த காலத்தில் சிரித்தபடி எடுத்த நிழற்படம் ஒன்றைத் தேடி எடுத்துச் செல்லுதல் பெரும் பயன் தரும். திருமணப் படம், பணி நிறைவு விழாப் படம், பேரப்பிள்ளையைத் தூக்கி நிற்கும் படம் எதுவாயினும் ஆகும். நிழற்படம் கிடையாதெனில், மகன் அல்லது மகளின் பல் அமைப்பு தந்தை தாயின் பல்லை ஓரளவு காட்டக்கூடும்.

இரண்டாவது நிறம். பல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க மருத்துவரிடம் நிறக்கோவை ஒன்று இருக்கும். ஜெர்மானிய நிறுவனமாகிய வீட்டா 1956ஆம் ஆண்டு வெளியிட்ட நிறக்கோவை உலகெங்கும் பரவியது. அதில் 16 நிறங்கள் உள்ளன. பலரும் அவற்றுள் மிக வெளுத்ததையே சுட்டுவர். மாநிறமும் கருமையும் கொண்ட நம் முகத்தில் வெண்மை இன்னும் வெண்மையாகத் தோன்றும் என்பதை மறத்தலாகாது. கண்ணின் வெண்படலத்தைவிடப் பல் வெளுத்திருந்தால் அது செயற்கையாகத் தோன்றும் என்பது எளிதில் நினைவில் கொள்ளத்தக்க ஓர் அளவு. மேலும் இயற்கையில் எல்லாப் பல்லும் ஒரே நிறம் அன்று. கோரைப்பல் முன்பல்லைவிடச் சற்று மஞ்சளாக இருக்கும். வயது ஏற ஏறப் பல்லின் மேற்பூச்சு மெலிந்து உள்ளிருக்கும் மஞ்சள் நிறம் புலப்படும். வேண்டுமென்றே வெண்மை கேட்பாரும் இருக்கலாம். அது அவர் விருப்பம். ஆயினும் அறிந்து கேட்பது வேறு, அறியாமல் கேட்பது வேறு.

மூன்றாவது நீளமும் வரிசையும். இளமையில் வாயைச் சற்றே திறந்து அமைதியாக இருக்கும்போது மேல் முன்பல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவு வெளியே தெரியும். அறுபதைக் கடந்தோர்க்கு மேற்பல் ஏறத்தாழத் தெரிவதே இல்லை. கீழ்ப்பல்லே மிகுதியாகத் தெரியும். எனவே மேற்பல்லை எவ்வளவு காட்டுவது என்பது, எவ்வளவு இளமையாகத் தோன்ற விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது. 1950களில் ஃப்ரஷ், ஃபிஷர் என்னும் இரு அமெரிக்கப் பல் மருத்துவர்கள், பால், வயது, ஆளுமை ஆகிய மூன்றையும் மனத்திற்கொண்டு பல்லை அமைக்க வேண்டும் என்று வற்புறுத்தினர். முன்பல் ஒன்றைச் சிறிது திருப்பி வைத்தல், ஒன்றன்மேல் ஒன்று இலேசாகப் படியச் செய்தல், விளிம்பை வயதுக்கேற்பத் தேய்த்துவிடுதல் ஆகிய சிறு மாற்றங்களால் கட்டுப்பல் இயற்கைப் பல் போலவே தோன்றும். முன்பு முன்பல்லின் இடையே சிறு சந்து இருந்தவர் அச்சந்தையும், தெத்துப்பல் இருந்தவர் அத்தெத்துப்பல்லையும் கேட்டுப் பெறலாம்.

நான்காவது ஈற்றின் நிறம். இதனைப் பலரும் எண்ணுவதே இல்லை. சந்தையில் மிகுதியாகக் கிடைக்கும் அக்ரிலிக் தட்டு இளஞ்சிவப்பு நிறமுடையது. நம் மக்கள் பலருடைய ஈறு பழுப்பும் கருமையும் கலந்தது, நோயன்று, இயற்கை. சிரிக்கும்போது ஈறு தெரியும் வாயுடையவர்க்கு அந்த இளஞ்சிவப்பு அயலார் வாயைக் கடன் வாங்கியது போன்ற தோற்றத்தைத் தரும். அடித்தட்டுக்குப் பழுப்பு நிறம் ஏற்றித் தரும் கூடங்கள் உள்ளன. முன்கூட்டியே கேட்டாலன்றி இது கிடைக்காது.

ஐந்தாவது உதடும் கன்னமும். ஒட்டிய கன்னத்தை நிமிர்த்துவதற்காகத் தட்டின் விளிம்பைத் தடிப்பாக்கச் சொல்வார் உண்டு. ஓரளவுக்கு மேல் தடித்தால் வாஷிங்டனுக்கு நேர்ந்தவாறு உதடு துருத்தும். பல் செட்டும் நிலைகொள்ளாது. முகச்சுருக்கம் அனைத்தையும் பல்லால் போக்கிவிட முடியாது என்பதை மருத்துவர் சொன்னால் அதனை ஏற்றுக்கொள்ளுதல் அறிவுடைமை.

பல்லும் சொல்லும்

தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துப் பிறத்தற்குக் கருவியான எட்டு உறுப்புகளுள் பல்லையும் எண்ணினார். நன்னூலாரும் இதழ், நா, பல், அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்துப் பிறக்கும் என்றார். தகர நகரங்கள் நாநுனி மேற்பல்லின் அடியைப் பொருந்துவதால் பிறக்கின்றன. வகரம் மேற்பல்லும் கீழிதழும் இயைவதால் பிறக்கிறது. ஆகவே மேல் முன்பல் நிற்கும் இடம் மாறினால் வகரம் பகரம் போல ஒலிக்கக்கூடும், பல்லின் பின்புறம் தட்டு தடித்திருந்தால் தகர நகரங்கள் குழறும், சகரம் சீழ்க்கையடிக்கும்.

இதனைப் பல் மருத்துவரும் அறிவர். முன்பல்லின் நீளத்தைச் சோதிக்க ஆங்கிலத்தில் ஐம்பது, அறுபது என்னும் எண்களை அடுக்கிச் சொல்லச் செய்வது அவர்கள் வழக்கம். தமிழ் பேசும் முதியவர்க்குத் தமிழ்ச் சொற்களே பொருத்தம். டிரையல் நாளில், 'வாவி', 'வைகை வெள்ளம்', 'தாத்தா தந்த தேன்', 'நாதன் வந்தான்', 'சரசர', 'வாழைப்பழம்' ஆகியவற்றை உரக்கச் சொல்லிப் பார்க்கலாம். அரபு எழுத்துகளை மக்ரஜ் பிறழாமல் ஓதுவோர், நாநுனி முன்பல்லின் விளிம்பைத் தொடும் எழுத்துகளையும், மேற்பல் கீழிதழைத் தொடும் 'ஃபா' எழுத்தையும் ஓதிப் பார்த்தல் நலம். திருவரங்கத்தில் பகல்பத்து, இராப்பத்து நாள்களில் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவிக்கும் பெரியோர்க்கும் இது பொருந்தும். வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர்க்கும், 1939 முதல் இயங்கிவரும் திருச்சி வானொலியில் குரல் கொடுப்போர்க்கும் பல்லின் இருப்பிடம் பிழைப்போடு தொடர்புடையது.

புதுப் பல் செட்டு அணிந்த முதல் சில வாரங்கள் நா தடுமாறுவது இயல்பு. நாள்தோறும் சிறிது நேரம் நாளிதழை உரக்கப் படித்தால் நா பழகிவிடும். பல வாரம் கடந்தும் குழறல் நீங்காவிடின் மருத்துவரிடம் திரும்பச் செல்ல வேண்டும்.

காற்றிசைக் கருவி வாசிப்போர் நிலை இதனினும் நுட்பமானது. நாகசுரத்தின் சீவாளியை உதடுகள் பற்றும்போது அவ்வுதடுகளைப் பின்னின்று தாங்குவது முன்பல். திருவரங்கத்தைத் தம் ஊராகக் கொண்டு வாழ்ந்து, 1998ஆம் ஆண்டு சங்கீத கலாநிதி விருது பெற்ற நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா (1924-1999) போன்றோரின் இசையில் நாம் கேட்ட குழைவுக்கு உதட்டின் கட்டுப்பாடும் ஒரு காரணம் என்பதை எண்ணினால் இது விளங்கும். பல் இழந்த நாகசுரக் கலைஞர் டிரையல் நாளில் சீவாளியையும் உடன் கொண்டு சென்று உதட்டில் வைத்துப் பார்ப்பது நன்று.

மார்க்க நோக்கில்

தோற்றத்துக்காகப் பல்லைத் திருத்துதல் தகுமா என்னும் ஐயம் நம் சமுதாயப் பெரியோர் சிலர்க்கு எழுவதுண்டு. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து அணிந்தபோது அது நாற்றமெடுக்க, பொன்னால் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் காணப்படுகிறது. பல்லை ஈடு செய்தற்கு மார்க்க அறிஞர் இதனைச் சான்றாகக் காட்டுவர். அழகுக்காக நல்ல பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவதைக் கண்டிக்கும் நபிமொழியும் உண்டு. இழந்ததை மீட்டல் வேறு, இருப்பதை மாற்றுதல் வேறு என்பது இவ்விரண்டாலும் புலனாகும். தம் பழைய முகத்தை மீண்டும் பெற விரும்பும் முதியவரின் விருப்பம் முன்னதைச் சேர்ந்தது. ஒளுச் செய்கையில் பல் செட்டைக் கழற்றுதல் முதலிய வினாக்களுக்கு ஆலிம்களை அணுகித் தெளிவு பெறலாம்.

அணிந்த பின்

பல் எடுத்த பின் தாடை எலும்பு ஆண்டுதோறும் கரைகிறது. கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கரைவதாக டால்கிரென் என்பார் 1972ஆம் ஆண்டு வெளியிட்ட நெடுங்கால ஆய்வு காட்டிற்று. கீழ்ப் பல் செட்டு எளிதில் ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே இன்று பொருந்திய செட்டு சில ஆண்டுகளில் தளரும். உள்பக்கம் புதிதாகப் பூசியோ, வேறு செய்தோ கொள்ள வேண்டும். கீழ்த்தாடையில் இரண்டு இம்பிளாண்டுகளைப் பதித்து அவற்றின்மேல் பல் செட்டை மாட்டும் முறையே முதல் தேர்வாக அமைய வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய அறிஞர்கள் கருத்துரைத்தனர். செலவும் உடல்நிலையும் இடம் தருவோர் இதனைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். எஞ்சிய பல்லையும் எடுக்கப் போகிறவர், எடுப்பதற்கு முன்பே தம் பல்லின் அச்சையும் நிழற்படத்தையும் எடுத்து வைக்கச் சொல்லுதல் வேண்டும். எடுத்தபின் அந்த வாய்ப்பு மீண்டும் வாராது.

இரவில் செட்டைக் கழற்றி நீரில் இட்டு வைக்க வேண்டும். கொதிநீர் பட்டால் அக்ரிலிக் கோணும். பற்பசை கீறலை உண்டாக்கும். மென்மையான தூரிகையும் சோப்பும் போதும். கழுவும்போது கை நழுவி உடைவதே மிகுதியாதலால், நீர் நிறைந்த பாத்திரத்தின் மேல் வைத்துக் கழுவுதல் நலம். வெற்றிலையும் புகையிலையும் செட்டிலும் கறை ஏற்றும். அதனினும் பெரிய தீங்கு, பாக்கும் புகையிலையும் புற்றுநோய்க்குக் காரணமாதல். வாய்ப்புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாதிருப்பின் செட்டைக் குறை கூறிக் காலம் கழிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பொருள் வசதி குறைந்தோர் தோற்றம் பற்றிப் பேசலாமா எனின், பேசலாம். மேலே கூறியவற்றுள் பல்லின் நீளம், வரிசை, நிறம் ஆகியன பற்றிய விருப்பங்கள் பெரும்பாலும் செலவைக் கூட்டுவன அல்ல. சொல்வதற்குச் சற்று நேரம் மட்டுமே வேண்டும். புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற இடங்களிலும், பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இவ்விருப்பங்களை எடுத்துரைக்கலாம். கர்நாடக அரசு 2014ஆம் ஆண்டு 'தந்த பாக்ய' என்னும் திட்டத்தைத் தொடங்கி ஏழை முதியோர்க்கு இலவசமாகப் பல் கட்ட வழி செய்தது. இலவசமாகப் பெறும் பல்லும் வாயில் தங்கினால்தான் பயன் தரும். முகத்துக்குப் பொருந்தினால்தான் வாயில் தங்கும்.

நிறைவாக, நம் மாணவர்க்கு ஒன்று கூற விரும்புகிறோம். இல்லத்தில் தாத்தாவோ பாட்டியோ, நன்னாவோ நன்னியோ பல் கட்டச் செல்வதாக அறிந்தால், டிரையல் நாள் எதுவெனக் கேட்டறிந்து உடன் செல்லுங்கள். பழைய நிழற்படம் ஒன்றைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லக் கூசுவதை மருத்துவரிடம் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். தமக்கென ஒன்றும் கேட்டுப் பழகாத அத்தலைமுறையினர், தம் சொந்த முகத்தோடு மீண்டும் சிரிப்பதற்கு அந்த ஒரு நாள் துணை போதுமானது.